சாளையில் நின்ற பென்ஸ்

பழைய பென்ஸ் வாங்கப் போகிறேன் என்றதும் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" முப்பது வயது வண்டிக்கு மீட்டர் சொல்லும் கணக்கை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எங்கே நின்றது, எவ்வளவு காலம் நின்றது, எந்த ஊர்க் காற்றில் நின்றது என்று விசாரிப்பதுதான் காசை மிச்சப்படுத்தும்.

நான் தேடியது இ220 கார், கம்பெனி டபிள்யூ124 என்று குறியிட்ட உடம்பு. மெர்சிடிஸ் நிறுவனம் 1994-இல் டெல்கோவுடன் (இன்றைய டாடா மோட்டார்ஸ்) கூட்டுச் சேர்ந்து இந்தியாவுக்கு வந்து, 1995-இல் புனேயில் முதன்முதலாகப் பாகங்களைப் பூட்டி விற்றது இந்த மாடலைத்தான். அதே வருஷம் ஜெர்மனியில் இதற்கு அடுத்த தலைமுறை கார் வந்துவிட்டது. நமக்குக் கிடைத்தது அங்கே ஓய்வு பெற்ற மாடல். அதில் எனக்கு வருத்தம் இல்லை. 2.2 லிட்டர் பெட்ரோல், நாலு சிலிண்டர், 150 குதிரைத்திறன், பெல்ட்டுக்குப் பதில் டைமிங் செயின், கைக்கு அடங்குகிற அளவு எலக்ட்ரானிக்ஸ். அன்றைக்கு இருபது லட்சத்துக்கு மேல் விற்ற வண்டி இன்று மூன்று, நான்கு லட்சத்துக்குப் பேரம் பேசக் கிடைக்கிறது. ஆனால் ஸ்பேர் விலை இருபது லட்ச ரூபாய் வண்டிக்குரிய விலையாகவேதான் இருக்கிறது. வாங்குவதற்கு முன் மனதில் ஏற்ற வேண்டிய விஷயம் இது ஒன்றுதான்.

கடைசியில் இரண்டு வண்டிகள் மிஞ்சின. ஒன்று சென்னையில், கடற்கரையை ஒட்டிய வீட்டில். பளபளவென்று பெயின்ட், ஏசி ஜில்லென்று அடித்தது, கிளம்பி ஓடியது. விலை நாலரை லட்சம். இன்னொன்று பொள்ளாச்சி பக்கம் ஒரு தென்னந்தோப்புச் சாளையில் (தோட்டத்து வீட்டை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) நான்கு டயரும் தரையோடு அமுங்கி, தேங்காய் மட்டைகளுக்கு நடுவே நின்றது. இரண்டேகால் லட்சம்.

இந்த மாடலில் கதவுகளின் கீழ்ப்பாதியை மூடி அகலமான பிளாஸ்டிக் பேனல் ஓடும். வடிவமைப்பாளர் புரூனோ சாக்கோவின் பெயரால் அதை சாக்கோ பேனல் என்பார்கள். பார்க்க அழகு, துருவுக்கும் அதுதான் மறைவிடம். ஜாக்கி வைக்கும் துளைகளின் மூடியைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்து, திருப்புளி முனையால் அழுத்திப் பார்க்க வேண்டும். சென்னை வண்டியில் திருப்புளி உள்ளே போய்விட்டது. பெயின்டுக்கு மேலே ஒரு பொட்டுத் துரு இல்லை; உள்ளே தகரமே இல்லை. பொள்ளாச்சி வண்டியில் தூசு கொட்டியது, ஒரு எலிக்கூடு வந்தது, தகரம் டங்கென்று சத்தம் கொடுத்தது. ரப்பரை மாற்றலாம், வயரை மாற்றலாம். உப்புக்காற்று தின்ற சேசிஸை வெட்டி ஒட்டி டிங்கரிங் பார்க்க ஆரம்பித்தால் அதற்கு முடிவே கிடையாது. ஓடுகிற வண்டியை விட்டுவிட்டு ஓடாத வண்டியை எடுத்ததற்கு வீட்டில் கிடைத்த மரியாதையைப் பற்றி இங்கே சொல்லப் போவதில்லை.

விற்றவர் ஐம்பது வயதுக்காரர். வண்டி அவர் அப்பாவுடையது. "அப்பா போனதுக்கப்புறம் யாரும் எடுக்கலைங்க. பேட்டரியைக் கழட்டி வெச்சதோட சரி. நீங்க ஓட்டுவீங்கன்னா எடுத்துக்கோங்க, உடைச்சு விக்கறதுன்னா வேண்டாம்" என்றார். ஆர்.சி.யில் இன்னும் அப்பா பெயர்தான். பதிவு 2021-லேயே காலாவதி. அதாவது வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 போட்டு முதலில் அவர் பெயருக்கு வர வேண்டும், அதன் பிறகு படிவம் 29, 30 போட்டு என் பெயருக்கு. பாதிப் பணம் கொடுத்து, மீதி பெயர் மாறிய பிறகு என்று பத்திரத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். அதற்கு முன்பே அரசின் வாகன் இணையதளத்தில் கடன், அபராதம் எதுவும் நிலுவையில் இல்லை என்று பார்த்துக்கொண்டேன். வண்டியை லாரியில் ஏற்றித்தான் கோவைக்குக் கொண்டுவந்தேன். எஃப்.சி. (தகுதிச் சான்று) இல்லாத வண்டியைச் சாலையில் உருட்டக் கூடாது, பிரேக்கும் பிடித்த பிடியை விடவில்லை.

மெக்கானிக் அண்ணன் இந்த மாடல் புதிதாக வந்த காலத்திலிருந்தே பென்ஸ் பார்ப்பவர். பேட்டரியைப் போட்டுச் செல்ஃப் அடிக்க ஆசைப்பட்ட என்னைத் தடுத்துவிட்டார். "தம்பி, நின்ன இன்ஜினை எழுப்பறதுக்கு ஒரு முறை இருக்கு." நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் ஊற்றி, ஊற விட்டு, கிராங்க் போல்ட்டில் ஸ்பானர் வைத்துக் கையால் சுற்றினார். சுற்றியது. அதன் பிறகுதான் பழைய ஆயிலை இறக்கிப் புது ஆயில், ஃபில்டர்.

அடுத்தது பெட்ரோல். டேங்கில் இருந்தது பெட்ரோலே அல்ல. வார்னிஷ் வாடை அடிக்கும் பழுப்புத் தண்ணீர். இந்த வண்டியில் டேங்க் பின்சீட்டுக்குப் பின்னால் இருப்பதால் டிக்கி வழியாகவே கழற்றிக் கழுவ முடிகிறது. பம்ப்பும் ஃபில்டரும் அடியில், பின் ஆக்சிலுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கின்றன. பம்ப் இறுகிப்போயிருந்தது, புதிதுதான். இன்ஜெக்டரை மெஷினில் வைத்துச் சுத்தம் செய்தோம். எல்லா ரப்பர் குழாய்களையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றினேன். பங்க்கில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 1996-இல் போட்ட குழாய் அதற்காகச் செய்ததல்ல. இதைச் செய்யாமல் பழைய பெட்ரோல் காரை எடுத்து ஓட்டுகிறவர்கள் தீயணைப்பான் ஒன்றை வண்டியில் வைத்துக்கொள்வது நல்லது.

பிரேக்கில் காலிப்பர் (சக்கரத்தில் பிரேக் பேடை அழுத்தும் பாகம்) பிஸ்டன்கள் துருப்பிடித்து நின்றுவிட்டன. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், அந்த ஈரம் உள்ளிருந்தே துருவாக்கும். அதைவிடத் தந்திரமானது ரப்பர் ஹோஸ். வெளியே நன்றாகத்தான் இருந்தது. உள்சுவர் உப்பி, மிதித்தால் ஆயில் போகும், விட்டால் திரும்பாது. காலிப்பரை மட்டும் சரிசெய்து ஹோஸை விட்டிருந்தால் சக்கரம் மறுபடி பிடித்துக்கொண்டிருக்கும். கிளட்ச் சிலிண்டர் சீல்களுக்கும் இதே கதிதான்.

வயரிங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1990-களின் முற்பாதியில் வந்த இந்த ரக இன்ஜின்களின் வயர்களில் காப்புறை சீக்கிரம் மட்கிவிடும் என்பது உலகம் முழுவதும் இந்த வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த சங்கதி. இன்ஜின் சூட்டில் அது இறுகி, தொட்டால் முறுக்கு மாதிரி நொறுங்கி விழும். உள்ளே செம்புக் கம்பிகள் ஒன்றோடொன்று உரசினால் வண்டி திணறுவதோடு முடியாது. இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரே கருகலாம். அதனால் இந்த மாடலில் எந்த வண்டியைப் பார்க்கப் போனாலும் இன்ஜெக்டருக்குப் போகும் வயரின் உறையை லேசாக விலக்கி, வயரை மெல்ல வளைத்துப் பாருங்கள். மறுக்கிற உரிமையாளரிடம் வாங்காதீர்கள். என் வண்டியில் எதிர்பார்த்தபடியே நொறுங்கியது. புது செட் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் ஆகும் செலவைக் கேட்டுவிட்டு, ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் உட்கார்ந்தேன். பழைய கனெக்டர்களை அப்படியே வைத்துக்கொண்டு, சூடு தாங்கும் வயரில், அதே கனத்தில், அதே நிறங்களில் ஒவ்வொன்றாகப் புதிதாகக் கட்டிக் கொடுத்தார். த்ராட்டிலுக்குள் போகும் வயரும் அதே காலத்துச் சரக்குதான், அதையும் திறந்து மாற்ற வேண்டும். பலர் அதை விட்டுவிட்டு, அப்புறம் ஐடிலிங் ஏன் ஆடுகிறது என்று தேடிக்கொண்டிருப்பார்கள். ஸ்கேனரைச் செருகிப் பிழை பார்க்கும் ஓபிடி-2 சாக்கெட் இல்லாத வண்டி, நூறு ரூபாய் வாடகைக்குக் கிடைக்கும் ஸ்கேனர் எதுவும் இங்கே செல்லாது.

இத்தனைக்கும் பிறகு ஒரு மாலையில் சாவியைத் திருப்பினோம். முதலில் வெள்ளைப் புகை, பிறகு கருப்பு, பிறகு ஒன்றுமில்லை. அண்ணன் ஒரு பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அவருடைய பாராட்டு அவ்வளவுதான்.

சஸ்பென்ஷனில் பால் ஜாயின்ட், ஆர்ம் புஷ், ஸ்டியரிங் ராடு, இன்ஜின் மவுண்டிங், பின்பக்கம் புரொப்பல்லர் ஷாஃப்டின் ரப்பர் டிஸ்க் என்று ரப்பர் பெயர் சொல்லும் அத்தனையும் போயிருந்தன. முன் லோயர் ஆர்ம் புஷ்ஷை மாற்ற ஸ்பிரிங்கை வெளியே எடுக்க வேண்டும். அதற்கு ஸ்பிரிங்குக்குள் நுழைத்து இறுக்கும் தனிக் கருவி வேண்டும். கடையில் கிடைக்கும் இரண்டு கொக்கிக் கம்பிரஸரை வைத்து முயல்வது உயிரோடு விளையாடுவது. அண்ணனிடம் அந்தக் கருவி இருந்தது. புஷ்ஷை அழுத்தி ஏற்றும் டையை ஆவாரம்பாளையத்தில் ஒரு லேத்தில் கடைந்து வாங்கினோம். கோயமுத்தூரில் இருப்பதன் லாபம் இது: வரைந்து கொடுத்தால் மறுநாள் இரும்பாக வரும். பால் ஜாயின்ட், ஆர்ம் எல்லாம் லெம்ஃபோர்டர் கம்பெனி, கேஸ்கட் எல்ரிங் கம்பெனி. பென்ஸ் பெட்டியில் வாங்கினால் விலை வேறு, பெட்டிக்குள் இருப்பது பல நேரம் இவர்கள் சரக்குதான். பார்ட் நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் யாரும் ஏமாற்ற முடியாது. உள் அலங்காரச் சாமான்கள் சென்னை புதுப்பேட்டையில் கிடைத்தன. பின்விளக்கும் ஒரு ஜன்னல் சுவிட்சும் ஷார்ஜாவில் இருக்கும் மச்சான் அங்கேயுள்ள பழைய ஸ்பேர் கடைகளில் தேடி எடுத்து, ஊருக்கு வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். பேரீச்சம்பழம் கொண்டுவர இடமில்லை என்று அக்காவுக்கு என் மேல் இன்னும் கோபம்.

டயர்தான் மலிவாக முடிந்தது. 195/65 ஆர்15 நம்மூரில் சாதாரணமாகக் கிடைக்கும் அளவு. பழைய டயரில் பூ முழுதாக இருந்தது. பக்கவாட்டில் கடைசி நான்கு எண்கள் 2311. அதாவது 2011-ஆம் வருஷத்து 23-ஆவது வாரம் செய்தது. அப்படியே தூக்கிப் போட்டேன்.

ஏசி. இந்த வண்டியில் யாரும் கைவைக்க அஞ்சும் வேலை கூலிங் காயில். அது டேஷ்போர்டின் அடிவயிற்றில் இருக்கிறது. ஸ்டியரிங், மீட்டர், கன்சோல், டேஷ்போர்டு, ஹீட்டர் பெட்டி எல்லாவற்றையும் கழற்றினால்தான் கை போகும். முதலில் கேஸ் அடித்துப் பார்க்கலாம் என்றார் ஏசிக்காரர். நைட்ரஜன் ஏற்றிப் பிரஷர் பார்க்காமல் கேஸ் அடிக்க வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றேன். ராத்திரியோடு முள் இறங்கிவிட்டது, கசிவு உள்ளேதான். சரி, டேஷ்போர்டை இறக்கியாகிவிட்டது என்றால் அந்தக் கூலிக்குள் இன்னும் என்னவெல்லாம் முடிக்கலாம் என்று பார்க்க வேண்டும். காற்றை மேலும் கீழும் திருப்பும் மடல்களை இந்த வண்டியில் வாக்குவம் இழுக்கிறது. அதற்கான சிறு டப்பாக்களுக்குள் இருக்கும் ரப்பர் சவ்வுகள் எல்லாம் கிழிந்திருந்தன. காயிலோடு அவற்றையும், ஹீட்டர் காயிலையும், எக்ஸ்பான்ஷன் வால்வையும், ரிசீவர் டிரையரையும் மாற்றினோம். எலி வைத்துவிட்டுப் போன பஞ்சையும் உமியையும் எடுக்கத் தனியாக ஒருநாள் ஆனது. திரும்பப் பூட்டும்போது கிர்ர் கிர்ர் என்று சத்தம் வராமல் இருக்க ஒவ்வொரு கிளிப்புக்கும் ஃபெல்ட் துணி ஒட்டினார் அண்ணன். கோவை மே மாதத்தில் பெரிய சீட்டில் நான்கு பேர் உட்கார்ந்து போகும்போது இந்தச் செலவு வலிக்கவில்லை.

ஒற்றை வைப்பரும் அசையவில்லை. நடுவில் நின்றபடியே மூலைகளை எட்டித் துடைக்கும் விசித்திரமான இயந்திரம் அது. உள்ளே கிரீஸ் கல்லாகிக் கிடந்தது. பிரித்துக் கழுவிப் புது கிரீஸ் வைத்ததும் குதித்து ஆடியது. மழை வந்தால் என் பையன் அதைப் பார்ப்பதற்காகவே முன்சீட்டுக்கு வருகிறான்.

வண்டி ஓடத் தொடங்கிய பிறகு காகிதம். புகைச் சான்று, தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் எடுத்து எஃப்.சி.க்குப் போனோம். 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்புப்படி இருபது வயது தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கக் கட்டணம் 10,000 ரூபாய். இறக்குமதி காராக இருந்தால் 80,000. புனேயில் பூட்டிய வண்டியைத் தேடியதற்கு இதுவும் ஒரு காரணம். பசுமை வரி தனி. இன்ஸ்பெக்டர் சேசிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்தபோது ஒரு சிக்கல்: பழைய ஆர்.சி. புத்தகத்தில் சரியாக இருந்த எண்ணில் ஒரு இலக்கம் கம்ப்யூட்டரில் மாறி ஏறியிருந்தது. பழைய புத்தகத்தை விற்றவரின் அம்மா புடவைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்ததால் திருத்த முடிந்தது. ஸ்மார்ட் கார்டு இருக்கிறதே என்று பழைய புத்தகத்தைத் தூக்கிப் போட்ட வீடுகளில் வண்டி வாங்கினால், பணம் கொடுக்கும் முன் சேசிஸ் எண்ணை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பதிவு ஐந்து வருஷத்துக்குக் கிடைத்தது. பிறகு வாரிசு பெயர், பிறகு என் பெயர். மீதிப் பணத்தை அன்றே கொடுத்தேன். அவர் தோப்புத் தேங்காய் ஒரு மூட்டை டிக்கியில் ஏற்றிவிட்டார்.

கணக்கு: வண்டி இரண்டேகால், வேலையும் சாமானும் கிட்டத்தட்ட மூன்றரை, காகிதச் செலவு சேர்த்து ஆறு லட்சத்தைத் தொட்டது. இதே காசுக்கு நல்ல பழைய ஸ்விஃப்ட் வாங்கியிருக்கலாமே என்கிறார்கள். வாங்கியிருக்கலாம்தான். கோவைக்குள் லிட்டருக்கு ஏழு, எட்டு கொடுக்கிறது. பாலக்காடு சாலையில் பத்தைத் தாண்டுகிறது.

பெயின்டைத் தொடவில்லை. பானட்டில் தென்னை ஓலை விழுந்த கீறல்கள் அப்படியே இருக்கின்றன. ஹெட் கேஸ்கட்டின் ஓரத்தில் ஆயில் லேசாக வியர்க்கிறது, இந்த இன்ஜினில் அது சகஜம். கூலன்ட்டில் கலக்காத வரை ஓட்டலாம் என்கிறார் அண்ணன். கேஸ்கட் செட்டை வாங்கி வைத்துவிட்டேன். ஆடி முடிந்து அவருக்குக் கை ஒழிந்ததும் ஹெட்டை இறக்கி ஃபேசிங் போடுவதாக, அதாவது அதன் அடிமுகத்தைக் கடைந்து சமப்படுத்துவதாகப் பேச்சு.