பிளாஸ்மா தாளில் கொந்தளிப்புக் கேள்வி: நேரத்தைக் கணக்கிட்டுத் தொடங்குங்கள்

தகுதித் தேர்வு முடிவு வந்த நிம்மதியில், கணக்குகள் கை மறப்பதற்குள் எழுதுகிறேன். இரு-திரவச் சமன்பாடு, அலைகளின் பரவல் தொடர்பு எல்லாம் எல்லோருக்கும் வரும். மதிப்பெண் நழுவுவது கொந்தளிப்புப் பகுதியில்தான்.

ஒரே ஒரு வரி போதும்: ஆற்றல் பாய்வு = திசைவேக வர்க்கம் ÷ கடத்தல் நேரம் (ஒரு அளவிலுள்ள சுழல்கள் தம் ஆற்றலை அடுத்த சிறிய சுழல்களுக்குக் கைமாற்ற எடுக்கும் நேரம்). ஆற்றல் நுழையும் பெரிய அளவுக்கும் (உந்தும் அளவு) அது வெப்பமாகும் சிறிய அளவுக்கும் (விரய அளவு) இடையே இந்தப் பாய்வு மாறாது. பரிமாணப் பகுப்பாய்வை நம்பி இறங்காதீர்கள். காந்தப்புலமில்லாத திரவக் கொந்தளிப்புக்கான கொல்மகோரோவின் 1941 முடிவுக்கு அது போதும். காந்தப்புலம் வந்ததும் ஆல்ஃப்வென் வேகம் (புலக்கோடுகள் வழியே அலை பரவும் வேகம்) என்ற இரண்டாவது வேகம் நுழைந்துவிடும். பிறகு பரிமாணத்தை மட்டும் வைத்து எந்த அடுக்கையும் வரவழைத்துவிடலாம்.

கடத்தல் நேரம் சுழல் நேரமே (நீளம் ÷ திசைவேகம்) என்றால் திசைவேகம் நீளத்தின் 1/3 அடுக்கு. அந்த அடுக்கு அ என்றால் ஸ்பெக்ட்ரத்தின் (அலையெண்வாரியாக ஆற்றல் பரவியிருக்கும் விதம்) அடுக்கு −(1+2அ); எனவே −5/3. இந்த மாற்று விதியை விடைத்தாளின் ஓரத்தில் முதலிலேயே எழுதிவையுங்கள்.

அடுத்தது இரோஷ்னிகோவ் (1964), கிரைக்னன் (1965). எதிரெதிரே வரும் ஆல்ஃப்வென் அலைப்பொட்டலங்கள் மட்டுமே ஒன்றையொன்று சிதைக்கும். ஒரு மோதலில் ஏற்படும் மாற்றம், ஆல்ஃப்வென் நேரம் (நீளம் ÷ ஆல்ஃப்வென் வேகம்) ÷ சுழல் நேரம். மாற்றங்கள் ஒழுங்கின்றிக் கூடுவதால், தேவையான மோதல்கள் அந்த விகிதத்தின் தலைகீழின் வர்க்கம். ஆகவே கடத்தல் நேரம் = சுழல் நேர வர்க்கம் ÷ ஆல்ஃப்வென் நேரம். அ = 1/4, ஸ்பெக்ட்ரம் −3/2. மோதல் எண்ணிக்கையை வர்க்கமாக்க மறந்தால் மறுபடி −5/3தான் வரும். விடை பழக்கப்பட்டதாக இருப்பதால் பிழை கண்ணில் படாது.

"இதில் என்ன குறை?" என்ற துணைக்கேள்வி வந்தால்: எல்லாத் திசையும் ஒன்று என்று எடுத்ததுதான். புலத்தின் வழியே உள்ள நீளத்தை மாறாமல் நிறுத்தினால் −2 கிடைக்கும். ஆனால் அளவு சிறுக்கச் சிறுக்க மோதல் வலுத்து, ஆல்ஃப்வென் நேரமும் சுழல் நேரமும் சமமாகிவிடும். அதுதான் கோல்ட்ரைக்–ஸ்ரீதர் (1995) சொன்ன நெருக்கடிச் சமநிலை: புலத்தின் வழியான அலையெண், குறுக்கு அலையெண்ணின் 2/3 அடுக்கு.

இந்த 2/3 ஏன் முக்கியம் என்பதை ஒரு கணக்காகப் போட்டுக் காட்டுங்கள். பூமிக்கு அருகே சூரியக் காற்றில் புரோட்டான் புலக்கோட்டைச் சுற்றும் ஆரம் சுமார் 100 கி.மீ., வெளி அளவு (மிகப் பெரிய சுழல்களின் அளவு) சுமார் 10 லட்சம் கி.மீ. விகிதம் 10,000. 2/3 விதிப்படி, அந்த ஆரத்தின் அளவில் புலத்தின் வழியான அலையெண் ÷ குறுக்கு அலையெண் = இந்த விகிதத்தின் −1/3 அடுக்கு, சுமார் 0.05. அலைகள் புரோட்டான் ஆரத்துக்கு வந்து சேரும்போதும் அவற்றின் அதிர்வெண், சைக்ளோட்ரான் அதிர்வெண்ணில் (புரோட்டான் புலக்கோட்டைச் சுற்றும் அதிர்வெண்) 20-ல் ஒரு பங்கே. எனவே சைக்ளோட்ரான் ஒத்ததிர்வு எளிதில் நடக்காது; வெப்பமாதலுக்குக் காரணமாக லாண்டாவ் தணிப்பு (அலையோடு ஒத்த வேகத்தில் ஓடும் துகள்கள் அதன் ஆற்றலை உறிஞ்சுவது), மின்னோட்டத் தகடுகள் (மின்னோட்டம் குவியும் மெல்லிய அடுக்குகள்), தாறுமாறு வெப்பமூட்டல் (ஒழுங்கற்ற புல ஏற்ற இறக்கங்கள் துகள்களை உதைப்பது) ஆகியவற்றை எழுதுங்கள்.

பாகுநிலையைக் காரணம் காட்டவே கூடாது. சூரியக் காற்றில் ஒரு துகளின் மோதலிடைத் தூரமே ஏறத்தாழ ஒரு வானியல் அலகு.

சிறு குறிப்புகள்:

- புரோட்டான் ஆரத்துக்குக் கீழே இயக்க ஆல்ஃப்வென் அலை (அந்தச் சிறு அளவில் ஆல்ஃப்வென் அலை எடுக்கும் வடிவம்): கடத்தல் நேரம் நீளத்தின் வர்க்கத்தைச் சார்ந்தது, அ = 2/3, ஸ்பெக்ட்ரம் −7/3. விண்கல அளவீடு சுமார் −2.8, இரண்டையும் எழுதுங்கள்.
- டெய்லர் கருதுகோளில் (கொந்தளிப்பு உறைந்தபடியே காற்றோடு விண்கலத்தைக் கடக்கிறது என்று எடுத்து, அளவை அதிர்வெண்ணாக மாற்றுவது) 2π-ஐ விடாதீர்கள். 400 கி.மீ./வி ÷ (2π × 100 கி.மீ.) ≈ 0.6 ஹெர்ட்ஸ். சூரியனுக்கு மிக அருகே ஆல்ஃப்வென் வேகமும் காற்றின் வேகமும் நெருங்கும். அங்கே இந்தக் கருதுகோள் தளரும்.
- முப்பரிமாண ஸ்பெக்ட்ரம் கேட்டால் −5/3-க்குப் பதில் −11/3. கேள்வியை இருமுறை படியுங்கள்.
- லாண்டாவ் தணிப்போடு விடையை முடிக்காதீர்கள். புலத்தின் ஆற்றல் துகள்களின் திசைவேகப் பரவலில் நுண்ணிய மடிப்புகளாகிறது, அவ்வளவே. என்ட்ரோபி இன்னும் கூடவில்லை. அந்த மடிப்புகள் போதிய அளவு நுண்மையாகும்போது, அரிதான மோதல்கள்கூட அவற்றை அழித்துவிடும். மீளாத வெப்பம் பிறப்பது அங்கேதான்.