தமிழ் மெயிலுக்கு பேஸ்64தான் சரி

மெயிலின் உள்ளடக்கத்தை வெறும் ஆங்கில எழுத்து, எண், குறிகளாக மாற்றி அனுப்ப கோட்டட் பிரிண்டபிள், பேஸ்64 என்று இரண்டு முறைகள் உண்டு. எழுத்து என்றால் கோட்டட் பிரிண்டபிள், இணைப்புக் கோப்பு என்றால் பேஸ்64 என்று எல்லாரும் சொல்லிவைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் அது பொருந்தும். தமிழுக்குப் பொருந்தாது.

நாகர்கோவில் என்ற ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் 11 குறியீடுகள் (கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனிக் கணக்கு), யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 33 பைட். கோட்டட் பிரிண்டபிளில் ஒவ்வொரு பைட்டும் ஒரு சமக்குறியும் இரண்டு எழுத்துமாக மாறும், அதாவது 99 எழுத்து. ஒரு வரிக்கு 76 எழுத்துதான் அனுமதி என்பதால் ஊர்ப்பெயர் ஒன்றே இரண்டு வரிக்குப் போய்விடுகிறது. பேஸ்64இல் 44 எழுத்தில் முடியும்.

மாற்றாமலே அனுப்பினால் என்ன? மெயில் அனுப்பும் நெறிமுறையான எஸ்எம்டிபி 1982இல் வந்தபோது 7 பிட் எழுத்து (ஆங்கில எழுத்து, எண், குறிகள்) மட்டும்தான். இன்று பல சர்வர்கள் 8 பிட்டை ஏற்கின்றன, ஆனாலும் ஒரு வரி 998 பைட்டைத் தாண்டக்கூடாது. என்டர் தட்டாமல் எழுதிய தமிழ்ப் பத்தி ஒன்று அதைச் சுலபமாகத் தாண்டும்.

பைத்தான் நிரல்மொழியின் மெயில் லைப்ரரியில், இமெயில்மெசேஜின் 'செட் கன்டென்ட்' (மெயிலுக்குள் உரையை வைக்கும் கட்டளை) எந்த முறை என்பதைத் தானே முடிவு செய்யும். எல்லா வரியும் 78 பைட்டுக்குள் இருந்தால் இயல்பாக 8 பிட்டாகவே விட்டுவிடும். ஒரு வரி நீண்டாலும், முதல் பத்து வரிகளை மட்டும் எடுத்து இரண்டு முறையிலும் மாற்றிப் பார்த்து, எது சிறியதோ அதையே முழு மெயிலுக்கும் வைக்கும். கவனிக்க வேண்டிய இடம் இதுதான். குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கும் ஒரு கடைக்காக தினசரி விலை மெயில் அனுப்பும் நிரலை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அது எச்டிஎம்எல் மெயில், முதல் பத்து வரியும் ஸ்டைலும் டேக்குமாக ஆங்கிலம். அதைப் பார்த்து லைப்ரரி கோட்டட் பிரிண்டபிளைத் தேர்ந்தெடுத்துவிடும், கீழே வரும் தமிழ் முழுக்க ஒன்பது மடங்கு எழுத்தாக வீங்கும். லைப்ரரியைக் குறை சொல்ல மாட்டேன், எல்லா மொழிக்குமாக ஊகிக்கிறது, அவ்வளவுதான். ஆனால் நமக்கு நம் மொழி தெரியுமே! மாற்றும் முறையைச் சொல்லும் 'சிடிஇ' என்ற அளபுருவில் பேஸ்64 என்று நாமே எழுதிவிட வேண்டும். ஒரே ஒரு சொல், அதற்குப் பிறகு ஊகமே இல்லை.

அப்புறம், வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் அதே லைப்ரரியின் பழைய 'மைம்டெக்ஸ்ட்' உதாரணங்களைப் பார்த்து எழுதுகிறார்கள். யூடிஎஃப்-8 என்று கொடுத்தாலே அது பேஸ்64 ஆக்கிவிடும். அதன்மேல் 'என்கோட் பேஸ்64'ஐயும் கூப்பிட்டால், மாற்றும் முறையைச் சொல்லும் வரி மெயிலின் தலைப்பில் இரண்டு முறை வந்துவிடும். அந்த இரண்டாவது கூப்பாடு தேவையே இல்லை.

சப்ஜெக்டை மட்டும் கையால் வெட்டவே வேண்டாம். அங்கே மாற்றிய எழுத்து துண்டு துண்டாகத்தான் போகும், ஒரு துண்டுக்கு 75 எழுத்துதான் இடம், பேஸ்64இல் தமிழ்க் குறியீடு 15 தான் அடங்கும், ஒரு குறியீட்டின் மூன்று பைட்டை இரண்டு துண்டில் பிரிப்பதும் விதிக்கு மாறு. லைப்ரரி இதைச் சரியாகவே செய்கிறது, முழுத் தமிழ் வரியையும் அப்படியே கொடுத்துவிடுங்கள்.