என்மேல் கேஸ் இருக்கிறதா என்று நானே தேடிய 40 நாள்

படுக்கையில் கிடக்கும் பெரியவர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. யூரின் பேக் மாற்றுவது, மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி விடுவது, படுக்கைப் புண் வராமல் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடுவது. ஏஜென்சியில் எனக்கு 'அட்டெண்டர்' என்று பெயர், போகிற வீடுகளில் 'ஆயாம்மா'. 11 வருஷமாக இதுதான் பிழைப்பு. ஆதார் ஜெராக்ஸைத் தவிர இதுவரை யாரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. காலையில் ஏஜென்சியில் போய் உட்கார்ந்தால் சாயங்காலம் யாரோ ஒரு தாத்தாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பேன். அந்த வீட்டுச் சாவி, பீரோ இருக்கிற அறை, வாய் பேச முடியாத அந்த மனுஷர், எல்லாம் என் பொறுப்பு. யோசித்தால் எனக்கே பயமாகத்தான் இருக்கும்.

போன வருஷம் பெரம்பூர் பக்கம் மறதி நோய் வந்த முதியவர்களுக்கான ஒரு இல்லத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். மாதச் சம்பளம், 8 மணி நேர ஷிப்ட், வாரத்தில் ஒரு நாள் லீவு. 24 மணி நேர டியூட்டி பார்த்தே இடுப்பு விட்டுப்போனவளுக்கு இது லாட்டரி. அங்கே பொறுப்பில் இருந்த சிஸ்டர், அரசு ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ரிட்டயர் ஆனவர். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "போலீஸ் வெரிஃபிகேஷன் வாங்கிட்டு வாம்மா. அது இல்லாம யாரையும் வார்டுக்குள்ள விடறதில்ல" என்றார்.

அது எங்கே கிடைக்கும் என்று தெருவில் கேட்டேன். கீழ்வீட்டு அண்ணன் ஸ்டேஷனுக்குப் போகச் சொன்னார். எதிர்வீட்டு அக்கா, "பாஸ்போர்ட் ஆபீஸ்ல தர்றாங்க, என் மச்சான் துபாய் போறப்ப வாங்கினாரு" என்றார். அக்கா சொன்னது வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கானது. உள்ளூர் வேலைக்குத் தமிழ்நாடு போலீசின் இணையதளத்திலேயே வெரிஃபிகேஷனுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. வேலைக்கு, வாடகைக்கு வருகிறவர்களுக்கு, வீட்டு வேலை ஆட்களுக்கு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். நான் கட்டியது 500 ரூபாய். நிறுவனங்களும் தங்கள் ஆட்களுக்காக அதிலேயே விண்ணப்பிக்கலாம், ஆனால் கட்டணம் கூட. அதனாலோ என்னவோ, செலவு எப்போதும் எங்கள் தலையில்தான் விழுகிறது.

தண்டையார்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டர். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த தம்பி பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி எல்லாம் கேட்டு அடித்துக்கொண்டே வந்தான். இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் கடைசியில் போடுவதா, புருஷன் பெயரைப் போடுவதா என்று கொஞ்ச நேரம் ஓடியது. ஆதாரில் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று. ஆதாரில் இருப்பதையே போடு என்றேன். அப்புறம் திரும்பாமலே கேட்டான்: "கேஸ் எதுனா இருக்காக்கா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை.

2019 ஜூன் ஞாபகம் வந்துவிட்டது. செங்குன்றம் ஏரியும் பூண்டியும் சோழவரமும் செம்பரம்பாக்கமும் வறண்டு கிடந்த கோடை. எங்கள் தெருவுக்குத் தண்ணி லாரி வந்து 9 நாள் ஆகியிருந்தது. பெண்களெல்லாம் காலிக் குடங்களை ரோட்டில் அடுக்கி உட்கார்ந்தோம். லேடி போலீஸ் வந்து வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். மத்தியானம் எலுமிச்சை சாதம். சாயங்காலம் விட்டுவிட்டார்கள். விடுவதற்கு முன்னால் பெயர், புருஷன் பெயர், வயசு, கதவு எண் எழுதிக்கொண்டார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். எதில் போட்டேன் என்று இன்றுவரை தெரியாது. மறுநாள் லாரி வந்தது, நானும் மறந்துபோனேன்.

"நாளைக்கு வரேன் தம்பி" என்று எழுந்து வந்துவிட்டேன்.

எஃப்.ஐ.ஆர். எல்லாம் இணையத்தில் பார்க்கலாமாம், 2016ல் சுப்ரீம் கோர்ட்டே ஏற்றச் சொல்லிவிட்டதாம். ஆனால் எனக்கு மறியல் நடந்த தேதியே நினைவில்லை. எதை வைத்துத் தேடுவது? தெரிந்தவர் ஒருவர் ஜார்ஜ் டவுன் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தா. அவரிடம் போனேன். அவர் டீ குடித்துக்கொண்டே பிரித்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உதவும். யாராவது புகார் கொடுத்தால் ஸ்டேஷனில் தருகிற ரசீது சி.எஸ்.ஆர்., அதுவே கேஸ் ஆகிவிடாது. எஃப்.ஐ.ஆர். போட்டு அதில் குற்றம் சாட்டப்பட்டவராக நம் பெயர் இருந்தால்தான் கேஸ். குடித்துவிட்டு ரோட்டில் கலாட்டா பண்ணினால் போடுகிற '75' தனி, அது சென்னை நகர போலீஸ் சட்டத்தின் பிரிவு, பெரும்பாலும் அபராதத்தோடு முடிந்துவிடும். மறியலில் பிடித்து சாயங்காலம் விட்டால் சிலசமயம் கேஸ் போடுவார்கள், சிலசமயம் மாட்டார்கள். போட்டாலும் முன்னால் நின்ற நாலைந்து பேர் பெயரை எழுதி 'மற்றும் பலர்' என்று முடித்துவிடுவதும் உண்டு.

"நான் பின்னாடிதான்ணா உக்காந்திருந்தேன்."

"அப்ப நீங்க 'மற்றும் பலர்'. கேஸ் இருந்தா சம்மன் வந்திருக்கணுமே."

"வீடு மாறிட்டோம்ணா."

"அட, அப்ப வந்திருந்தாலும் தெரியாதே" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விண்ணப்பம் போட்டால்தான் தெரியும் என்றார். போட்டேன்.

இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், விலாசத்தில் ஆள் இல்லை என்று விண்ணப்பம் திரும்பிவிட்டது. நடந்தது இதுதான்: எங்கள் தெருவில் ஒவ்வொரு கதவுக்கும் பழைய எண், புதிய எண் என்று இரண்டு. சென்டர் தம்பி பழைய எண்ணை மட்டும் அடித்திருக்கிறான். அந்த எண் புதிய கணக்கில் தெருக்கோடியில் இருக்கிற மாவு மிஷின். அங்கே போய் என் பெயரைச் சொன்னால் யாருக்குத் தெரியும்? 500 ரூபாய் போனது போனதுதான். இரண்டாவது முறை பக்கத்திலேயே நின்று, இரண்டு எண்ணையும் போட்டாயா, மாடியா தரையா என்று எழுதினாயா என்று எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். அவனும் 100 ரூபாய் சர்வீஸ் சார்ஜ் வாங்கவில்லை, பாவம்.

இந்த முறை ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு ஓனரின் கரண்ட் பில் எடுத்துக்கொண்டு போனேன். 2 மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ரைட்டர் கூப்பிட்டார்.

"ஏம்மா, கொருக்குப்பேட்டைன்னு போட்டிருக்க, ஆதார்ல புளியந்தோப்புன்னு இருக்கு?"

"போர்டு வீடு சார். இடிச்சுக் கட்டப்போறோம்னு காலி பண்ணச் சொன்னாங்க. அதுலேர்ந்து வாடகை வீடுதான்."

குடிசை மாற்று வாரியத்தின் பெயர் 2021ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. எங்களுக்கு அது இன்னும் போர்டுதான். புளியந்தோப்பு என்றாலே சிலர் எங்களைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். அந்தப் பெயரைப் படித்தபோது அவர் முகமும் ஒரு நொடி மாறியதைப் பார்த்தேன். ஏஜென்சியிலும் இதே முகத்தைப் பார்த்திருக்கிறேன். "வீட்டுக்காரர் என்ன பண்றார்? கூடப் பொறந்தவங்க யாராச்சும் உள்ள போய்ட்டு வந்திருக்காங்களா?" விண்ணப்பம் எனக்குத்தான். ஆனாலும் பதில் சொன்னேன். மறியல் விஷயத்தை நானே சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. குமாஸ்தா அண்ணன், கேட்டதற்கு மட்டும் உண்மையைச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார். கேட்கவில்லை. சொல்லவில்லை.

அன்று பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது பழசு ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது. சில வருஷம் முன்னால் அண்ணா நகரில் ஒரு வீடு. அந்தம்மாவுக்கு மறதி நோய். ஒருநாள் விடியற்காலையில், "இவ என் சங்கிலிய எடுத்துட்டா" என்று கத்தினார். இந்த நோயில் இது சகஜம். பொருளைத் தாங்களே எங்கேயாவது ஒளித்துவைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவர்மேல் சொல்வார்கள். வேண்டுமென்று சொல்வதில்லை, அவர்களுக்கு அது நிஜம். மகன் போனைக் கையில் எடுத்துவிட்டார், போலீசுக்கு அடிக்கப்போகிறார். மருமகள்தான், "இருங்க, ஒருதடவ தேடிப் பாக்கலாம்" என்றார். அரிசி டப்பாவில் இருந்தது. அது கிடைக்க ஒரு அரை மணி நேரம் தாமதமாகியிருந்தால் என் பெயரில் ஒரு சி.எஸ்.ஆர்.

இன்னொன்று. என்னோடு ஏஜென்சியில் இருந்த ஒருத்தி, பக்கவாதம் வந்த ஒரு தாத்தாவைக் கிள்ளி அறைந்தது வீட்டுக் கேமராவில் விழுந்துவிட்டது. அந்த வீட்டார் அன்றைய கூலியைக் கொடுத்து, "போலீசு கீலீசு வேணாம், போய்டு" என்று அனுப்பிவிட்டார்கள். மானம் போய்விடுமே என்று பயம். அடுத்த வாரமே அவள் வேறு ஏஜென்சி வழியாக வேறு வீட்டில். அவள் விண்ணப்பித்தாலும் இதே சர்ட்டிபிகேட் சுத்தமாக வரும். கை நீட்டியவளுக்கு எந்த ஏட்டிலும் பதிவில்லை. நான் தப்பித்தது ஒரு அரிசி டப்பாவால்.

இதை சிஸ்டரிடம் பிற்பாடு சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. அவர் மகள் இங்கிலாந்தில் நர்ஸ். அங்கே இதற்கென்றே டி.பி.எஸ். என்று ஓர் அமைப்பு 2012லிருந்து இருக்கிறதாம். போலீஸ் பதிவோடு, இந்த வேலைக்கே வரக்கூடாது என்று தடுக்கப்பட்டவர்களின் பட்டியலையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். நோயாளிக்குத் தீங்கு செய்ததற்காக ஒருவரை வேலையைவிட்டு நிறுத்தினால், நிறுத்தியவர் அங்கே தகவல் கொடுத்தே ஆகவேண்டும், கொடுக்காவிட்டால் குற்றம். சொல்லாமல் ராஜினாமா வாங்கி அனுப்பினாலும் தப்பிக்க முடியாது. 5 வருஷ விலாசம் கேட்பார்களாம். அதைக் கேட்டதும், நான் அங்கே பிறந்திருந்தால் எத்தனை பக்கம் எழுதவேண்டியிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது. நம் ஊரிலும் குழந்தைகள் இருக்கிற இடங்களுக்கு, 2020 போக்சோ விதிகளின்படி, எல்லா ஊழியர்களுக்கும் போலீஸ் சரிபார்ப்பு கட்டாயம். ஒப்பந்த ஆட்களுக்கும் சேர்த்துத்தான். ஆயா வேலைக்கும் டிரைவர் வேலைக்கும் ஸ்கூலில் கேட்பது அதனால்தான். "பேச முடியாத குழந்தைக்கு இருக்கிற பயம் பேச முடியாத கிழவனுக்கும் உண்டு" என்றார் சிஸ்டர்.

இரண்டாவது விண்ணப்பம் போட்ட 19வது நாள் சான்று வந்தது. ஒரு பக்கம், மூலையில் கியூஆர் கோடு. பாதகமான பதிவு எதுவும் இல்லை. நான் 'மற்றும் பலர்' கூட இல்லை போலிருக்கிறது. பிரிண்ட் எடுத்த தம்பி, "அப்புறம் ஏன்க்கா அன்னிக்கு அப்படிப் பயந்தீங்க?" என்றான். தண்ணிக் குடத்தைப் பற்றிச் சொன்னேன். அவன் அம்மாவும் அந்த மண்டபத்தில் இருந்தாராம்.

சிஸ்டர் தாளைப் பார்த்தார், கியூஆரை போனில் பார்த்தார், ஃபைலில் வைத்தார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்கு அப்புறம் நடந்ததுதான் விசாரணை. நான் வேலை பார்த்த இரண்டு வீடுகளின் நம்பர் கேட்டு என் எதிரிலேயே பேசினார். "ஏன் நின்னாங்க?", "திரும்பக் கூப்பிடுவீங்களா?" இரண்டே கேள்வி. பிறகு ஒரு மத்தியானம் முழுக்க வார்டில் நிற்கவைத்தார். சாப்பிட மறுத்து என் கையைத் தட்டிவிட்ட ஒரு பாட்டியிடம் என்ன செய்கிறேன் என்று கதவோரம் நின்று பார்த்தார். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு, பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷம் கழித்து அவரே வாயைத் திறந்தார்.

"நாளைக்கு நைட் ஷிப்ட் வந்துடு" என்றார் சிஸ்டர்.

மறுநாள் ராத்திரி ஷிப்ட் மாறும்போது ஒரு நீள நோட்டை நீட்டினார்கள். ஒவ்வொருவர் உடம்பிலும் என்ன நகை இருக்கிறது என்று போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து பார்த்து எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். கல்யாண மண்டபத்துக் கையெழுத்து மாதிரி இல்லை, எதில் போடுகிறேன் என்று ஒவ்வொரு வரியாகப் படித்தேன். 3ஆம் கட்டில்: தோடு 2, மூக்குத்தி 1, சங்கிலி இல்லை.