மாலை கழற்றிய மறுநாள்

கார்த்திகை பிறந்தால் எங்கள் பனியன் கம்பெனி கட்டிங் செக்‌ஷனில் ஏழெட்டுப் பேராவது ஐயப்பனுக்கு மாலை போட்டு வருவார்கள். நாளுக்கு ஒரு பாக்கெட் ஊதியவர்கள்கூட அன்றைக்குக் காலையிலிருந்து சிகரெட்டைத் தொடுவதில்லை. 41 நாள் விரதம் இருந்து, மலைக்குப் போய் வந்து, மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே பேக்கரி வாசலில் பற்றவைப்பார்கள். நானும் பல வருடம் அவர்களோடு நின்றவன்தான். இப்போது அந்தப் பழக்கம் எனக்கு அறவே இல்லை.

இவர்களைப் பார்த்து "மனசுல உறுதி இல்ல" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். விட்ட முதல் இரண்டு மூன்று நாள்தான் உடம்பு படாத பாடு படும். எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை எல்லாம் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அப்படியென்றால், மாலையைக் கழற்றும் நாளில் கஷ்டமான பகுதி முழுக்கத் தாண்டியாகிவிட்டது. இதைச் செய்துகாட்டியவனுக்கு எதற்குப் புதிதாக உறுதி?

அந்த 41 நாளும் சுற்றி இருக்கிறவர்கள் நடந்துகொள்ளும் விதத்தைக் கவனித்துப் பாருங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டவன் "சாமி" என்கிறான். நாம் பேக்கரிக்குள் நுழைந்தால் "சாமி வர்றாரு, தள்ளி நில்லுங்கடா" என்று புகைக்கிறவர்கள் நகர்ந்துகொள்கிறார்கள். கடைக்காரர் கேட்காமலே டீயை மட்டும் நீட்டுகிறார். வீட்டில் அம்மாவும் மனைவியும் கூடவே விரதம் இருக்கிறார்கள். மாலையைக் கழற்றிய நிமிடத்தில் இந்தக் காவல் மொத்தமும் விலகிவிடுகிறது. ரம்ஜானில் எங்கள் டெய்லர் பாய் பகல் முழுக்கத் தொடமாட்டார், நோன்பு திறந்ததும் கை தேடும் என்பார். அவருக்கும் இதே கதைதான். ஜனவரி 1 சபதத்துக்கு இந்தக் காவல்கூடக் கிடையாது. அதை யாரிடமும் சொல்லாமல் எடுத்து, யாருக்கும் தெரியாமல் விட்டுவிடுகிறோம்.

அதனால் கடைசியாக மாலை கழற்றிய வருடம், மறுநாள் காலையில் பேக்கரி அண்ணனிடம் நேராகப் போய்ச் சொன்னேன். "அண்ணா, இனி நான் கேட்டாலும் எனக்குக் கொடுக்காதீங்க."

"மாலைதான் கழட்டியாச்சுங்களே மாஸ்டர்?"

"அதனாலதாங்க சொல்றேன்."

கூட வேலை செய்கிறவர்களிடமும் ஒவ்வொருவராகச் சொல்லி வைத்தேன். சில வாரம் கழித்து ஒரு ஷிப்மென்ட் ராத்திரி, வெட்டுவதற்குத் துணியை அடுக்கடுக்காக விரித்து (லே போட்டு) இடுப்பு ஒடிந்த நேரத்தில் போய்க் கேட்டே விட்டேன். அண்ணன் ஒரு கடலைமிட்டாயை எடுத்துக் கையில் வைத்து, "நாளைக்கு வந்து கேளுங்க, தர்றேன்" என்றார். மறுநாள் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அந்த மனிதருக்கு நான் பட்ட கடன் பெரியது.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், இதை யாரும் வெளியில் பேசுவதில்லை. காலையில் ஒரு தம் அடித்தால்தான் வயிறு சுத்தமாகும் என்பது நம்மில் பல பேருக்கு உண்மைதான், புகையிலையில் இருக்கும் நிகோடின் குடலை அசைத்துவிடும். விட்டதும் மலச்சிக்கல் வரும். அதற்குப் பயந்தே திரும்பப் பிடித்தவர்களை எனக்குத் தெரியும். எனக்கு வெந்நீரும் கொய்யாவும் ராத்திரி பூவன்பழமும் கைகொடுத்தன, கொஞ்ச நாளில் குடல் பழகிக்கொண்டது. அப்புறம் டீ, காபி. சிகரெட் புகை உடம்பிலிருக்கும் காஃபினைச் சீக்கிரம் கரைத்துவிடும். புகையை நிறுத்தியதும் அதே அளவு டீ ரொம்ப நேரம் உள்ளே நிற்கும். படபடப்பும் தூக்கமின்மையும் இதனாலும் வரலாம். டீயைப் பாதியாகக் குறைத்த பிறகுதான் நான் ஒழுங்காகத் தூங்கினேன்.

சிகரெட் தவிப்பை அடக்க நிகோடின் சூயிங்கம் 2 மில்லிகிராம் மெடிக்கலில் கிடைக்கும். சாதாரண சூயிங்கம் மாதிரி மென்றுகொண்டே இருந்தால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். மெதுவாக மென்று, நாக்கில் சுருக்கென்று பட்டதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். சுருக்கு குறைந்ததும் மறுபடி மெல்ல வேண்டும். டீ குடித்துக் கால் மணி நேரமாவது கழித்துப் போடுங்கள், இல்லாவிட்டால் நிகோடின் வாயில் சரியாக இறங்காது. தூங்கி எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் தேடுகிறவர்களும், இதய நோய் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

2016 முதல் சிகரெட் பாக்கெட்டில் 85 சதவீத இடத்துக்கு எச்சரிக்கைப் படம் போடுகிறார்கள். 2018 முதல் 1800-11-2356 என்ற இலவச உதவி எண்ணையும் அச்சிடுகிறார்கள். நாம் சில்லறையாக ஒன்று, இரண்டு என்று வாங்குகிறவர்கள். படமும் நம்பரும் கடைக்காரரிடமே தங்கிவிடுகின்றன. அதனால்தான் இங்கே எழுதுகிறேன், போனில் சேமித்து வையுங்கள். தமிழிலேயே பேசலாம்.

எனக்கு இன்றைக்கும் கவனம் தேவைப்படுகிற இடம் துக்க வீடு. எடுக்கிற நேரம் வரைக்கும் ஆண்கள் வெளியே சும்மா நிற்போம், யாராவது ஒருவர் பாக்கெட்டைத் திறந்து நீட்டுவார். அந்தத் தவிப்பு சில நிமிடம்தான். துக்க வீட்டுக்குப் போனதும் நாற்காலி போடுவது, தண்ணீர் கேன் தூக்குவது என்று ஒரு வேலையைக் கையில் எடுத்துக்கொள்வேன்.

என் மச்சான் இந்த வருடம் மாலை போட்டிருக்கிறான். அவன் போகும் மூன்று டீக்கடைகளிலும் மாலை கழற்றுவதற்கு முன்பே நான் போய்ச் சொல்லி வைப்பதாகப் பேச்சு. அவனும் சரி என்று சொல்லியிருக்கிறான். உங்கள் வீட்டிலும் அப்படி யாராவது இருந்தால், விட்ட பிறகு உடம்புக்கு என்ன செய்கிறது என்று எழுதுங்கள். வேலை முடிந்து ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பதில் போடுகிறேன்.