பேண்ட் சைஸ் 32

மருத்துவ முகாமில் வயிற்றளவு எடுக்க இஞ்ச் டேப்பை எடுத்தாலே ஆண்கள் முந்திக்கொள்வார்கள். “எதுக்கு சிஸ்டர், என் சைஸ் 32தான்.” அது பேண்ட்டின் சைஸ். பெல்ட் தொப்பைக்கு அடியில் எங்கோ இறங்கிக் கிடக்கும். நாங்கள் அளப்பது கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்ட நிலையில். ஆனால் டேப் பட்டதும் எல்லோரும் வயிற்றை எக்கிக்கொள்வார்கள். அதனால் நான் பேச்சுக் கொடுப்பேன். “இன்னிக்கு சவாரி எப்படிண்ணே?” பதில் சொல்ல வாயைத் திறந்ததும் வயிறு தன் இடத்துக்கு வந்துவிடும். நம் உடம்புக்கு ஆண்கள் என்றால் 90 செ.மீ., பெண்கள் என்றால் 80 செ.மீ. அதைத் தாண்டினால் சர்க்கரை நோய், மாரடைப்பு வரும் அபாயத்தைக் கவனிக்க வேண்டும். (பெண்களுக்குத் திரை கட்டித்தான் அளக்க வேண்டும். புடவைக் கொசுவத்தின் மேல் அளப்பது வீண் வேலை.)

இந்த டேப்பின் அருமை எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சைதாப்பேட்டையில் ஆட்டோ ஓட்டுநர்களுக்கு ஒரு முகாம். நல்ல வெயில், நீள வரிசை. ஒல்லியாக ஒருவர் வந்தார். வயது 42, உயரம் 163 செ.மீ., எடை 58 கிலோ. உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கும் பிஎம்ஐ 22கூட இல்லை. “உங்களுக்கு ஒண்ணும் இருக்காதுண்ணே” என்று அனுப்பிவிட்டேன்.

ஏழெட்டு மாதம் கழித்து, ஆறாத கால் புண்ணோடு எங்கள் வார்டில் வந்து படுத்தார். சர்க்கரை 340. என்னைப் பார்த்ததும் மனைவியிடம், “இந்த சிஸ்டர்தான் எனக்கு ஒண்ணும் இல்லன்னு சொன்னாங்க” என்று அறிமுகப்படுத்தினார். கிண்டலா, நிஜமா என்று இன்றுவரை தெரியவில்லை.

அன்று டேப் வைத்தேன். 92. கைகால் குச்சி, கொழுப்பெல்லாம் வயிற்றுக்குள். சென்னையிலேயே டாக்டர் வி. மோகன் குழுவினர் 2005இல் வெளியிட்ட நீரிழிவு அபாய மதிப்பெண் இருக்கிறது. ஊசியே வேண்டாம். கூட்டிப் பார்த்தேன். வயதுக்கு 20, வயிற்றுக்கு 10, அப்பாவுக்குச் சர்க்கரை இருந்ததற்கு 10, உடற்பயிற்சி இல்லாமல் உட்கார்ந்தே பார்க்கும் வேலைக்கு 30. மொத்தம் 70. 60 வந்தாலே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

இதயக் கணக்கும் இப்படித்தான். மாரடைப்பு அபாயத்தைக் கணிக்கும் ஃபிராமிங்காம் அட்டவணை, அமெரிக்காவில் ஒரு சிற்றூர்க்காரர்களைப் பல வருடம் பார்த்துப் போட்டது. அதில் வயிற்றளவுக்கு இடமே இல்லை. பல நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் மாரடைப்பு ஆய்வின் தெற்காசியக் கணக்கு 2007இல் வந்தது; அதிலோ, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. மற்ற நாட்டுக்காரர்களுக்குக் கிட்டத்தட்ட 59. அட்டவணை ‘அபாயம் குறைவு’ என்று சொன்னாலும் நான் அப்பா, அண்ணன் கதையைக் கேட்காமல் விடுவதில்லை.

போன மாதம் ஓஎம்ஆரில் ஒரு ஐடி அலுவலகத்தில் முகாம். 29 வயதுப் பையன், ஒல்லி. “எனக்கெதுக்கு சிஸ்டர்?” என்றான். 94. “டேப் தப்பா இருக்கும், இன்னொரு தடவை அளங்க.”

சரி என்று அளந்தேன். இந்தத் தடவை எக்கவில்லை போலிருக்கிறது, 95.