பிசான நடவுக்குப் பின்

நவம்பர் 18

மதினியின் ஹீமோகுளோபின் 6.4.

நவம்பர் 19

பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே இரத்தசோகை என்கிறார்கள். அதில் ஏறத்தாழ பாதியை வைத்துக்கொண்டு மதினி பிசான நடவு முழுவதும் சேற்றில் குனிந்து நின்றிருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு உறக்கம் வரவில்லை. கீழிமையை இழுத்துப் பார்த்தேன், வடிகஞ்சியின் நிறம். அரிசிப் பானைக்குள் கைவிட்டுப் பச்சரிசியை அள்ளி மெல்லுவதற்காக அண்ணன் பல மாதங்களாக அவரை ஏசிவந்தார். இரும்புச்சத்து வற்றிய உடம்பு அப்படித்தான் ஏங்கும் என்று மருத்துவர் சொன்னபோது அண்ணன் தலைகுனிந்து நின்றார்.

நவம்பர் 21

மலத்தில் கொக்கிப்புழுவின் முட்டைகள். இரத்தத்தையும் நுண்ணோக்கியில் காட்டினார்கள். நல்ல சிவப்பணுவின் நடுவில் மூன்றிலொரு பங்குதான் வெளிறியிருக்குமாம். மதினியின் அணுக்கள் சிறுத்து, விளிம்பில் மட்டும் மெல்லிய வளையமாகச் சிவந்திருந்தன. அவற்றிடையே, ஆரஞ்சு நிறத் துகள்கள் நெருங்கிய வெள்ளணுக்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு மடலாகப் பிரிந்த உட்கரு. இயோசினோஃபில் எனப்படும் இவை மொத்த வெள்ளணுக்களில் 22 சதவீதம். வழக்கமாக 6-ஐத் தாண்டாது. சிவப்பணுவை வற்றவைத்த அதே புழுதான் இந்த வெள்ளணுவைப் பெருக்கியும் இருக்கிறது.

நவம்பர் 22

ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள புழு. ஓர் இனம் நாளொன்றுக்கு 0.03 மில்லி லிட்டரும், மற்றொன்று 0.2 வரையும் இரத்தம் குடிக்கும். அது சுரக்கும் பொருள் இரத்தத்தை உறையவிடாததால், கடித்த இடத்தை விட்டு நகர்ந்த பிறகும் பழைய புண் கசிந்துகொண்டே இருக்கும். நூறு புழுக்கள் என்று வைத்துக் கணக்குப் போட்டுப்போட்டு அழிக்கிறேன். இரத்தத்தோடு இரும்பும் போவதால், எலும்பு மஜ்ஜை எவ்வளவு முயன்றாலும் சிறிய, வெளிறிய அணுக்களையே வார்த்தெடுக்கிறது. வாய்க்கால் கரையில் மலம் கழிக்கிறோம். ஈரமண்ணில் முட்டை பொரிந்து, குஞ்சுப்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து, இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலில் தங்குகிறது. மதினியின் குதிகால் வெடிப்புகளை இத்தனை வருடங்களில் ஒருநாளாவது உற்றுப் பார்த்திருப்பேனா?

நவம்பர் 23

புழுவைக் கொல்லும் மாத்திரை, அல்பெண்டசோல் 400 மில்லி கிராம், வீட்டிலுள்ள எல்லாருக்கும்.

நவம்பர் 30

இரும்பு மாத்திரையால் மலம் கறுத்ததைக் கண்டு மதினி அஞ்சிவிட்டார். அது இயல்பு என்று சொல்லித் தேற்றினேன். எலுமிச்சைச் சாற்றோடு மாத்திரையை விழுங்குகிறார். மாத்திரை போடும் வேளையில் தேநீர் கூடாது என்பதில்தான் சண்டை. இளம் சிவப்பணுக்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது, மஜ்ஜை விழித்துக்கொண்டது.

டிசம்பர் 14

ஹீமோகுளோபின் 8.1. இரண்டு முறை வாசித்துப் பார்த்தேன். அளவு சரியான பிறகும் உடலின் சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் மாத்திரை தொடர வேண்டுமாம். அரிசிப் பானையின் மூடி இப்போது திறக்கப்படுவதில்லை.

டிசம்பர் 15

மதினி மறுபடியும் வெறுங்காலோடு வரப்பில் நடந்து போனார். சேற்றில் செருப்பு புதைந்துபோகிறது என்கிறார், அதுவும் உண்மைதான். அம்பாசமுத்திரத்தில் ரப்பர் பூட்ஸ் கிடைக்குமா என்று விசாரிக்க வேண்டும். இரவில் சின்னவனின் கீழிமையை இழுத்துப் பார்த்தேன். விளக்கு வெளிச்சத்தில் நிறம் தெரியவில்லை. காலையில் மீண்டும் பார்க்க வேண்டும்.