ஓ.ஆர்.எஸ். கேட்டோம், ஜூஸ் பாக்கெட்டைக் கொடுத்தார்கள்

2025 மே மாதம் நடந்தது இது. பையனுக்கு அப்போது ஒன்றரை வயது. சனிக்கிழமை ராத்திரி ரெண்டு தடவை வாந்தி எடுத்தான். அப்புறம் தண்ணீராக வயிற்றால் போக ஆரம்பித்தது, விடிவதற்குள் ஆறு தடவை. ஞாயிற்றுக்கிழமை வழக்கமாகக் காட்டும் டாக்டர் கிடையாது. பேதியில் போகும் நீரையும் உப்பையும் ஈடுகட்டும் கரைசலான ஓ.ஆர்.எஸ். கொடுத்து ஒரு நாளைச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தோம்.

என் வீட்டுக்காரர் தெருமுனை மெடிக்கலில் போய் ஓ.ஆர்.எஸ். கேட்டிருக்கிறார். "பொடி வேணாம் சார், உப்புக் கரிக்கும், குழந்தை துப்பிரும். இதைக் கொடுங்க" என்று ஸ்ட்ரா ஒட்டிய நாலு பாக்கெட்டைக் கொடுத்துவிட்டார்கள். ஆப்பிள் சுவை. பையன் ஆசையாக உறிஞ்சினான். குடிக்கிறானே என்று எனக்கு நிம்மதி. ஆனால் குடிக்கக் குடிக்கப் போவது அதிகமானது. போனதை ஈடுகட்ட வேண்டுமே என்று நாங்களும் அடுத்த பாக்கெட்டைப் பிரித்தோம்.

சாயங்காலம் நாலு மணிக்கு அழுதான். கண்ணில் ஒரு சொட்டு நீர் வரவில்லை. அத்தை தொக்கம் எடுக்க, அதாவது தொண்டையில் சிக்கியதை எடுப்பதாகச் சொல்லும் நாட்டு வைத்தியத்துக்கு, கூட்டிப் போகலாம் என்றார். அவருக்கும் பதற்றம்தான், குறை சொல்ல மாட்டேன். நான் ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன்.

அங்கே சிஸ்டர் அவன் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டார். மடிப்பு உடனே படியவில்லை, மெதுவாகத்தான் இறங்கியது. உடம்பில் நீர் வற்றியதற்கு அது அடையாளம். "என்னம்மா குடுத்தீங்க?" பையிலிருந்த பாக்கெட்டை நீட்டினேன். திருப்பிப் பார்த்து, ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினார்: உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஓ.ஆர்.எஸ். கலவை அல்ல. முன்பக்கம் பெயரில் மட்டும் அந்த மூன்று எழுத்தும் கொட்டை எழுத்தில் இருந்தது! இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அசல் கலவையில் லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம். இந்த அளவில் இருந்தால் குளுக்கோஸ் உப்பையும் சேர்த்துக்கொண்டு குடல் சுவருக்குள் போகும், பின்னாலேயே தண்ணீரும் போகும். பானத்தில் சர்க்கரை அதிகமாகிவிட்டால் தலைகீழ். உடம்பிலிருக்கும் தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துப் பேதியை அதிகமாக்கும். எங்கள் வீட்டில் அன்றைக்கு நடந்தது அதுதான்.

பையன் 10 கிலோ. நாலு மணி நேரத்தில் அசல் ஓ.ஆர்.எஸ். கரைசல் 750 மில்லி உள்ளே போக வேண்டும் என்றார்கள். ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். முதலில் துப்பினான், ஒரு தடவை முழுசாக வாந்தி எடுத்தான். நான் நிறுத்தப் போனேன். "பத்து நிமிஷம் விட்டுட்டு மறுபடி ஆரம்பிங்க, இன்னும் மெதுவா" என்றார் சிஸ்டர். எட்டரை மணிக்கு என் மடியிலேயே மூத்திரம் போனான். புடவை நனைந்ததற்கு அப்படி அழுதது அன்றைக்குத்தான். டிரிப்ஸ் தேவைப்படவில்லை.

பக்கத்துக் கட்டில் அம்மா ஒரு லிட்டருக்கான பொடியை ஒரே டம்ளரில் கரைத்துக் கொடுத்திருந்தார். உப்பு ஏறிவிடும், ஆபத்து. பாக்கெட்டில் ஒரு லிட்டர் என்றிருந்தால் முழுப் பொடியையும் காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். 200 மில்லி பாக்கெட்டும் வருகிறது, பார்த்துக்கொள்ளுங்கள். கரைத்தது 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிடுங்கள்.

ஓ.ஆர்.எஸ்.ஸோடு துத்தநாக மாத்திரையும் கொடுத்தார்கள்: 20 மில்லிகிராம், தினம் ஒன்று, 14 நாள். மூன்றாம் நாளே பேதி நின்றது, ஆனாலும் மாத்திரையை நிறுத்தவில்லை. தாய்ப்பால், கஞ்சி, தயிர்சாதம் எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. பேதியைக் கட்டுகிற லோபெரமைடு மாதிரி மாத்திரையைக் குழந்தைக்கு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். மலத்தில் ரத்தம், குடிக்கவே முடியாத நிலை, எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது, இதில் ஒன்று இருந்தாலும் வீட்டில் வைத்துக்கொண்டு பார்க்கக் கூடாது.

ஹைதராபாத் குழந்தைகள் நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இந்தப் பானங்களை எதிர்த்துப் பல வருஷம் போராடினார். அதே வருஷம் அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், உலக சுகாதார நிறுவனத்தின் கலவை இல்லாத பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரையே போடக் கூடாது என்று உத்தரவு போட்டது. செய்தியைப் படித்ததும்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இப்போதும் மெடிக்கலில் "ஓ.ஆர்.எஸ்." என்று மட்டும் நான் கேட்பதில்லை. பொடி பாக்கெட் என்று சொல்லிக் கேட்டு, பின்பக்கம் லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காசை எடுக்கிறேன்.